முதலாளியின் தண்ணீரைப் பற்றி மாமாவுக்கு

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நானும் நலம். அங்கே உங்கள் பயிற்சி வகுப்பு, விடுதிச் சாப்பாடு, முதுகுவலி எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். (முதுகுவலி நல்லபடியாக இருப்பது என்றால் இல்லாமல் இருப்பது என்று எடுத்துக்கொள்ளவும்.) வழக்கமாக இந்த இடத்தில் மீன்களும் நலம் என்று ஒரு வரி வரும். அப்பா அந்த ஒரு வரியோடு நிறுத்தத்தான் சொன்னார். அவனை எதுக்குக் கலவரப்படுத்தணும், பாடம் படிக்கப் போன பிள்ளை என்றார். ஆனால் முதலாளியை விரல்நுனி அளவில் வாங்கி, வாடகை அறையில் உங்கள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் வைத்து இத்தனை வருடம் வளர்த்தவர் நீங்கள். அலுவலகத்தில் நடந்ததையெல்லாம் அவரிடம்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படிக்கவும்.

நீங்கள் தொட்டியை எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினீர்களே, தப்பு அங்கேதான் ஆரம்பித்தது, ஏனென்றால் ஓடிக்கொண்டே நீங்கள் சொன்னது இரண்டே விஷயம்: தீனி கொஞ்சமாகப் போடணும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சின்னப் புட்டியிலிருந்து சொட்டு மருந்து விடணும். தொட்டியின் மூலையில் காற்றுக்குழாயோடு ஓடுகிற பஞ்சைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. எங்கள் வீட்டைப் பற்றியும் நீங்கள் யோசிக்கவில்லை. அப்பா நீச்சல்குளக் கண்காணிப்பாளர். அம்மா சலவை நிலையத்தில் கறை எடுக்கும் பிரிவுக்குத் தலைவி. ஆக இந்த வீட்டில் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் ஏற்கனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் இருவருக்கும் நடுவில் முதலாளி, கணக்குப்பிள்ளை என்று இரண்டு மீன்களை வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா தொட்டிக்குமேல் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, குளோரின் வாசனையே இல்லையே, இது என்ன தண்ணி என்றார். அம்மா உள்கண்ணாடியில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலைப் பார்த்தாள். அப்புறம் பஞ்சைப் பார்த்தாள். அது காப்பி நிறத்தில் இருந்தது. "என் தம்பி கூச்சப்படாம இதை எடுத்துக்கிட்டு தெருவுல வந்திருக்கானே" என்றாள். உங்களுக்காக வெட்கப்பட்ட குரல் அது, மாமா.

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது தொட்டி புதுசாகக் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. முதலாளியும் கணக்குப்பிள்ளையும் வாளியில் உட்கார்ந்திருந்தார்கள். கூழாங்கற்களை அம்மா தலையணை உறையில் போட்டுக் கட்டிச் சலவை நிலையத்துக்கே கொண்டுபோய்க் கொதிநீரில் அலசிவிட்டாள். பஞ்சும் போய் வந்தது. ஒளி ஊடுருவும் உறையில் மடித்து, மேலே ஊசி குத்தி, வாடிக்கையாளர் என்ற இடத்தில் ‘மீன்’ என்று எழுதிய சீட்டோடு வந்தது. அம்மாவின் வேலையில் குறை சொல்ல முடியாது, சோப்பு வாசனை துளிகூட இல்லாமல் அலசியிருந்தாள், அவ்வளவு வெள்ளையான பஞ்சை நீங்கள் வாங்கிய அன்றைக்குக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் நிரப்பும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். குளத்துக் குளோரின் பொடியில் ஒரு சிட்டிகை போடலாம் என்று டப்பாவோடு வந்தவரை நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்று தடுத்தேன். அப்போதும் அவருக்கு மனசே இல்லை. குளோரினை முறிக்கிற உங்கள் சொட்டு மருந்தை நான்தான் எண்ணி விட்டேன். பிறகு அப்பா குளத்துத் தண்ணீரைச் சோதிக்கிற பெட்டியைக் கொண்டுவந்து தொட்டித் தண்ணீரையும் சோதித்து, கார அமிலம் எல்லாம் கச்சிதம், இந்தத் தண்ணியில நான் பால்வாடிப் பிள்ளைங்களையே இறக்குவேன் என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொறுப்பு என்று வந்துவிட்டால் அப்பா பாதியில் நிறுத்துகிறவர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். தொட்டிக்குமேல் ஒரு சின்னப் பலகை வந்தது. அதில் ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, குளத்துக்குள் உணவுப்பொருள் கொண்டுவரக் கூடாது என்று அழகான எழுத்தில் இருந்தது. உணவுப்பொருள் கூடாதென்றால் அதுங்க எதைத் தின்னும் என்று அம்மா கேட்டதற்கு, விதின்னா விதிதான், வேணும்னா கரைக்கு வந்து தின்னட்டும் என்றார். முதலாளி கணக்குப்பிள்ளையின் தீனியைப் பறித்தால் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதுவார். முதலாளி உண்மையிலேயே நின்று திரும்பிப் பார்ப்பார். கணக்குப்பிள்ளை ஒதுங்கிப் போய்த் தாவரத்தின் பின்னால் நிற்பார். அப்பாவுக்கு அது பெருமை. குளத்துல மனுஷங்க இவ்வளவு கட்டுப்பாடா இருக்க மாட்டேங்கறாங்க என்பார்.

சில நாட்கள் கழித்து முதலாளி மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறக்க ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளையும் பக்கத்தில் நின்று திறந்தார். நான் கவலைப்பட்டேன். அப்பா கவலைப்படவில்லை. மூச்சுப் பயிற்சி போதலை, தம் கட்டத் தெரியலை, புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, கன்னத்தை உப்பிக்காட்டி எப்படி மூச்சு விடவேண்டும் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று செய்து காட்டினார். அம்மாவோ, பாவம் பசியில வாயைப் பொளக்குது, இந்த மனுஷன் பாடம் நடத்தறார் என்று அப்பாவுக்குத் தெரியாமல் தீனி போட்டாள். முதலாளி அதையும் தின்றார். தின்றால் என்ன ஆகும், மாமா, மீதியும் கழிவுமாக எல்லாம் அந்தத் தண்ணீரில்தானே போகும். மறுநாள் அவருடைய செவுள் ஓரம் சிவந்திருந்தது. அடியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். விசில் ஊதினாலும் திரும்பவில்லை.

நான் நூலகத்துக்கு ஓடினேன். மீன் வளர்ப்பு பற்றி அங்கே ஒரே ஒரு புத்தகம் இருந்தது, அதை எழுந்திருக்காமல் படித்து முடித்தேன். அதில் இருந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது விஷம், கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் முதலில் தெரியாது. அதைத் தின்று தீர்க்கவென்றே நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவை குடியிருப்பது அந்தக் காப்பி நிறப் பஞ்சில். அதாவது, மாமா, நீங்கள் எங்களிடம் விட்டுப்போனது இரண்டு உயிர்களை அல்ல, கோடிக்கணக்கான உயிர்களை. அதில் இரண்டைத் தவிர மீதி எல்லாவற்றையும் அம்மா கொதிநீரில் துவைத்துவிட்டாள்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து, கடைசியில் வாசலிலேயே அப்படியே சொல்லிவிட்டேன். அம்மா மாவு பிசைந்த கையோடு நின்றாள். "அப்ப நான் சுத்தம் பண்ணினது தப்பு, உங்க மாமா அழுக்கா வச்சிருந்தது சரி. இதைத்தான் சொல்லிக்குடுக்கறாங்களாடி உங்க பள்ளிக்கூடத்துல?" அம்மாவின் கண் கலங்கிவிட்டது. வேலையில் யாரும் ஒரு தடவைகூடக் கறை போகவில்லை என்று அவளிடம் துணியைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அப்பா அவள் பக்கம் பேசினார். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அந்தப் பக்கம் பேப்பரை வச்சா இந்தப் பக்கம் படிக்கலாம், என் குளத்துல தினமும் எத்தனை பேர் இறங்கறாங்க, ஒருத்தராவது அடியில போய்ப் படுத்தாங்களா என்றார். தெளிவாக இருப்பது வேறு, நல்லதாக இருப்பது வேறு, அப்பா என்று நான் சொன்னேன். அது புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

சோதனை மருந்து வாங்க மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு பொம்மையைக் காட்டுவார். மீன் சாய்ந்து படுத்திருக்கிறது என்றேன், திறந்து மூடுகிற புதையல் பெட்டியை எடுத்து வைத்து, இதைப் பார்த்தா மனசு லேசாயிடும் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. செவுள் சிவந்திருக்கிறது என்றேன், முத்துக்குளிப்பவர் பொம்மையை எடுத்தார். நான் அம்மோனியா, அம்மோனியா என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததால் கடைசியில் அலமாரிக்குப் பின்னாலிருந்து தூசி தட்டி அந்தப் புட்டியை எடுத்துத் தந்தார்.

சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து விட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் ஆபத்து. மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குப்பியையே பார்த்தோம். அது பச்சையாகிக்கொண்டே போனது. பச்சை என்று நான் சொன்னேன். இதையெல்லாம் பச்சைன்னு சொல்ல முடியாது, பச்சை கலந்த மஞ்சள், எங்க கடையில இதுக்குத் தனிப் பெயரே இருக்கு என்றாள் அம்மா. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள், திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், என் பள்ளிச் சட்டையின் காலரில் வைத்தும் பார்த்தாள். அதற்குள் இன்னும் கருத்துவிட்டது. அப்பா மருந்தே கெட்டுப்போயிருக்கும் என்றார். அதனால் குழாய்த் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன். அது மஞ்சளாகவே நின்றது. இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அப்பா பிடிவாதக்காரர்தான், ஆனால் சோதனையோடு சண்டைபோடுகிறவர் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என் குளத்துல இப்படி வந்தா ஊதிட்டு எல்லாரையும் வெளியே ஏத்திடுவேன்."

"இவங்களை எங்கப்பா ஏத்தறது?" என்று கேட்டேன்.

அப்பா தொட்டியைப் பார்த்தார். அப்புறம் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சண்டை இல்லை, வேலைதான். தினமும் தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, சொட்டு மருந்து விட்ட புதுத் தண்ணீரை ஊற்றினோம். தீனியை நிறுத்தினோம். அப்பா ஊற்றினால் அலையடிக்கிறது என்று அம்மா வாளியைப் பிடுங்கிக்கொண்டு, பட்டுத்துணியில் தண்ணீர் தெளிப்பதுபோல் ஊற்றினாள். ஆனால் பஞ்சில் நுண்ணுயிர்கள் குடி வராமல் இது தீராது, நாம் எடுக்க எடுக்க அம்மோனியா ஊறிக்கொண்டேதான் இருக்கும் என்று புத்தகம் சொன்னது. நன்றாக ஓடுகிற வேறொரு தொட்டியிலிருந்து கொஞ்சம் அழுக்கு கிடைத்தால் போதுமாம். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட தொட்டி ஊரிலேயே ஒன்றுதான், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் இருப்பது. அதிலிருக்கும் மீன்கள் எனக்குப் பால் பல் விழுந்த காலத்திலிருந்து அப்படியே இருக்கின்றன.

வரவேற்பு மேசையில் இருந்த அக்காவிடம், உங்களிடம் கொஞ்சம் அழுக்கு கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அம்மோனியாவிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். பாதியிலேயே அவர் எழுந்துபோய்ப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தந்துவிட்டார், நான் பேச்சை நிறுத்தினால் போதும் என்றுதான் தந்தார் என்று நினைக்கிறேன். ஈரம் காயாமல் அதை டப்பாவில் எடுத்துவந்து, குளியலறை வாளியில் மிதக்கவிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அம்மா அதைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

நான் கொடிக்குக் கீழே போய் நின்றேன், மாமா. அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கையிலிருந்த இன்னொரு கிளிப்பைக் கீழே போட்டாள். கண்ணுல அழுக்கு பட்டா கை தானா போயிடுதுடி, நான் என்ன பண்ணுவேன் என்று அங்கேயே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடியும் போனேன். இந்தத் தடவை அந்த அக்கா இல்லை. வேறொருவர் இருந்தார், முறைப்படி சீட்டு எடுத்தால்தான் யாராக இருந்தாலும் உள்ளே விடுவேன் என்றார், எடுத்தேன், உட்கார்ந்தேன், கூப்பிட்டார்கள், போனேன். மருத்துவரிடம் நான் பஞ்சுக்காக வந்திருக்கிறேன் என்றேன். அவர் சரி, வாயைத் திற என்றார். வாயைத் திறந்தபின் பஞ்சைப் பற்றி விளக்குவது கஷ்டம். அவரும் பஞ்சுதானே, வைக்கிறேன், வைக்கிறேன் என்று பல்லுக்கு அடியில் பஞ்சை வைத்தார். கடைவாயில் ஒரு குழி இருந்ததாம், அடைத்துவிட்டார். மரத்துப்போன வாயோடு தொட்டியைக் காட்டி சைகை செய்தேன். நல்லவேளையாக அவருக்கு மீன் வளர்ப்பில் ஆர்வம் இருந்தது, நான் அம்மோனியா என்று சொல்ல முயன்றதும் புரிந்துகொண்டு, அவரே கையுறையைப் போட்டுக்கொண்டு பாதிப் பஞ்சை வெட்டித் தந்தார். வழியெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது முதலாளி ஒருக்களித்துப் படுத்திருந்தார், செவுள் அசைவதைக் குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்திருந்தார், வேலைக்குப் போகவில்லை. அம்மா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் டப்பாவைத் திறந்தேன். நாற்றம் அடித்தது. இதைத் தொட்டிக்குள் பிழிய வேண்டும், மீதியைக் காற்றுக்குழாயில் மாட்ட வேண்டும் என்று மரத்த வாயால் சொன்னேன். பிழிவதற்கு எனக்கே கை வரவில்லை.

மாமா, அப்பாவை நினைத்துப் பாருங்கள். குளித்துவிட்டு வராத ஒருவரைக்கூடக் குளத்தில் இறங்க விடாதவர். ஒரு பையனின் காலில் மணல் ஒட்டியிருந்ததென்று குளத்தையே அரைநாள் மூடியவர். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என்னிடமிருந்து அந்தப் பஞ்சை வாங்கினார். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பிழிந்தார். தொட்டி தேநீர் நிறமானது. முதலாளி அதற்குள் மறைந்துபோனார்.

முடிஞ்சுதா என்று அம்மா சுவரிடம் கேட்டாள். முடிஞ்சுது என்றார் அப்பா. யாரும் துடைக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் குப்பி குலுக்கினோம். கரும்பச்சை பச்சையானது, பச்சை வெளிறியது, அம்மா ஒவ்வொரு நாளும் அந்த நிறத்துக்குச் சரியான பெயரைச் சொன்னாள், அவளைவிட நுட்பமாக இந்தக் காரியத்தை எந்த ஆய்வகமும் செய்ய முடியாது. ஒரு காலையில் முதலாளி நிமிர்ந்து நின்றார். அடுத்து கண்ணாடிக்கு வந்தார். அப்புறம் கணக்குப்பிள்ளையின் தீனியைப் பறித்தார். அதைப் பார்த்து அப்பா விசிலைத் தேடிப்போய், எடுத்து, ஊதாமல் வைத்துவிட்டார். தின்னட்டும் விடு, நோயாளி என்றார். அம்மா இப்போது சலவை நிலையத்தில் தாமதிக்காமல் நேரே வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு வந்த கறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். முதலாளி கேட்டுக்கொள்கிறார். அவருக்கு இது பழக்கம்தானே.

நேற்றைய சோதனையில் தண்ணீர் தூய மஞ்சள். இன்றும் அப்படியே. தொட்டி பார்க்க அழுக்காக இருக்கிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது. உங்கள் பயிற்சி முடிந்ததும் நீங்கள் தயங்காமல் வந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போகலாம், பயணம் செய்யும் அளவுக்குத் திடமாக இருக்கிறார்கள். பஞ்சை மட்டும் ஈரமாகவே எடுத்துப் போங்கள், நானே கட்டித் தருகிறேன். நாங்கள் செய்த பிழைகளுக்கு எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முதுகுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவின் ஆசிகளையும் என் வணக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
அக்கா மகள்

பின்குறிப்பு: பிழை இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கடிதத்தை அப்பா அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அழைத்துக்கொண்டு போகலாம் என்ற இடம் வந்ததும் இருவரும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அப்பா, மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு, தண்ணீர் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, முதலாளி மிகவும் மோசமாக இருக்கிறார், பயணமெல்லாம் அவருக்கு ஆகாது, நீங்கள் இப்போதைக்கு வரவே வேண்டாம் என்று எழுதச் சொன்னார். நான் பொய் எழுத மாட்டேன் என்றேன். சரி, அப்பா சொன்னாருன்னு போட்டு எழுதிக்கோ, அப்ப அது உண்மைதானே என்றாள் அம்மா. யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். ஆகவே அப்பா சொல்வதாவது: முதலாளி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டார். சாய்ந்துதான் இருக்கிறார், மாமா. அப்பா கண்ணாடியில் கன்னத்தை வைத்துத் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் முதலாளியும் சாய்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.